கொய்யாக் கூடையில் வந்த ஓடிபி

"அம்மா, நம்ம பழைய நம்பர் இப்ப யார் வீட்டுல இருக்குது?"

ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துப்போய்ச் சில மாதம் கழித்து அனு கேட்டாள். "எங்கியோ இருக்கும், போ" என்று அன்று மகளை விரட்டிய புவனேஸ்வரி, இப்போது அதே எண்ணுக்குத் தானே போன் செய்துகொண்டிருந்தாள்.

பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் வேலை. டிசைன்கள் எல்லாம் ஓர் ஆப்பில் இருந்தன. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. போனுக்கு வரும் ஓடிபிதான் சாவி. காலையில் அந்த ஆப் தானாகவே அவளை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப நுழையப் போனால் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது. புடவையின் உடல் நெய்து முடிந்து, முந்தானை டிசைனுக்காகத் தறியில் காத்திருந்தான் கணவன் உமாபதி. அந்தப் புடவை கட்டப்போகும் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை.

போனை எடுத்தது ஒரு பெண் குரல். "ஓடிபி கேக்கறவங்க எல்லாம் திருடங்கன்னு என் பையன் சொல்லிக்கினே இருப்பான். ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப்புல கொய்யா விக்கிறேன், கங்கையம்மாள்னு கேளு. தைரியம் இருந்தா நேர்ல வா."

ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டு புவனேஸ்வரி ஷேர் ஆட்டோ ஏறினாள்.

பெயரைச் சொன்னதும் கங்கையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஆஸ்பத்திரி புவனேஸ்வரி நீதானா? டோக்கன் ஆப்புல என் நம்பரப் போட்டா, 'வணக்கம் புவனேஸ்வரி'ன்னு உன்னத்தான் கும்புடுது! முட்டிவலிய வச்சிக்கினு நான் க்யூவுல நிக்கறேன்."

"மன்னிச்சிக்கோங்கம்மா."

"சரி, உன் போனக் குடு. நானே தட்டுறேன். என் பேங்க் தொறந்துச்சுன்னா இங்கியே கத்துவேன்."

புவனேஸ்வரி ஓடிபி அனுப்பும் பட்டனை அழுத்திப் போனை நீட்டினாள். கூடையில் கொய்யாக்களுக்கு நடுவே கங்கையம்மாளின் போன் கூவியது. எந்த ஆப் அனுப்பியது என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"அட, மயிலு!"

திரை நிறைய முந்தானை. புவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே எண்ணை மாற்றி, டிசைனை அனுப்பினாள். சிறிது நேரத்தில் உமாபதி அழைத்தான். "வந்துடுச்சுமா" என்றான், பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"வீட்டுல குழந்தைங்க இருந்தா குடு" என்று கங்கையம்மாள் இரண்டு கொய்யாவைக் கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை.

வீட்டில் உமாபதி தறியை விட்டு எழவில்லை. அனு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். புவனேஸ்வரி கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஆஸ்பத்திரி டோக்கன் ஆப்பைத் திறந்தாள். அவள் போனில் அது பழைய எண்ணிலேயே உயிரோடு இருந்தது. 'கணக்கை நீக்கு' என்பதை அழுத்தினாள். அனுவின் பழைய காய்ச்சல், தடுப்பூசி விவரங்கள் எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சம்மதம் என்றாள்.

அடுத்த முறை கங்கையம்மாள் தன் எண்ணைப் போடும்போது, அது அவளுடைய பெயரைத்தான் கேட்கும்.

கொய்யாவைக் கழுவி சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, புவனேஸ்வரி உலை வைக்கப் போனாள்.