எட்டாம் நம்பர் விரிப்பு

விடிவதற்குள் முதல் தொட்டி கொதித்தாக வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கொட்டியதும் எழும் ஆவி கண்ணைப் பிடுங்கும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் புரண்டு படுத்த விரிப்புகளைக் கட்டையால் அழுத்திக் கிளறுவோம். பிறகு ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவோம். எங்கள் கை முழங்கை வரை வெந்து கிடக்கும், அவர்கள் படுக்கையில் மட்டும் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது.

அன்று எனக்கு வேலையில் மனசே ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சலவைக்கூடத்து முதலாளிதான் இங்கே வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கும் சொந்தக்காரர். வாடகையைக் கூலியிலேயே பிடித்துக்கொள்வார், வசூலிக்க அலையும் சிரமம்கூட அவருக்கு இல்லை. போன மாதம் மூட்டை தூக்கும் இடத்தில் பெட்டி சரிந்து என் புருஷனின் கால் நசுங்கியது. அவர் படுத்த படுக்கையான பிறகுதான், எங்கள் வீட்டில் ரிப்பேர் வேலை இருப்பது முதலாளியின் கண்ணில் பட்டது. "உன் ஒரு வீடு மட்டும்தாம்மா" என்றார்.

வேலை முடிந்ததும் தினமும் வீடு தேடி அலைந்தேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஓர் அம்மா பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள், இரண்டு என்றதும் கதவைச் சாத்தினாள். இன்னொருத்தர் புருஷனுக்கு என்ன வேலை என்றார். கால் சரியானதும் போவார் என்றேன். அப்போ சரியானதும் வாங்க என்றார், மகராசன். மற்ற இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான், ஊர் பார்க்க வருகிறவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாச்சு. அந்த அறைகளின் விரிப்புகளைத்தான் நான் துவைக்கிறேன்.

கூட வேலை செய்கிறவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்கு மேல் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ரிப்பேர் தன் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்ற பயம்.

அன்றுதான் புது விரிப்புகள் ஒரு மூட்டை வந்து இறங்கியது. புதுத் துணியைக் கஞ்சி போக அலசித்தான் அறைக்கு அனுப்புவோம். எந்த வீட்டுக்கு என்று தெரிய மூலையில் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். நான் ஒன்றை உதறினேன். எங்கள் வரிசையின் பெயர், அதன் கீழே எட்டு. என் கதவு எண். நான் இன்னும் ஒரு பாத்திரம்கூட எடுத்துக் கட்டவில்லை, அதற்குள் எவனுக்கோ அங்கே படுக்கை தயார்.

இஸ்திரி அக்காவிடம் காட்டினேன். ஐந்தாம் வீட்டுக்காரி, முதலாளியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டாள். என் முதுகைத் தடவிக்கொண்டே மூட்டையைக் கிளறியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கையில் ஐந்து இருந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தன் எண்ணை எடுத்தாள். ஒரு வீடும் விடுபடவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியின் கங்குகளைத் தரையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள்.

முதலாளி வந்தபோது சலவைக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம், மடியில் ஆளுக்கொரு விரிப்பு.

"என்னம்மா இது? துணி ஏத்த வண்டி வந்து நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்கும் ரிப்பேரா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மூட்டையை அவசரப்பட்டு அனுப்பியவனை முதலில் திட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என் வீடு, நான் என்ன வேணா பண்ணுவேன். நாளைக்கே வேற ஆளுங்களக் கொண்டுவரேன், பாருங்க."

நான் எழுந்தேன். விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"கொண்டுவாங்க. அவங்கள எங்க குடி வைப்பீங்க?"

யாரையும் காலி செய்ய மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை ஒரு துணியும் நனையாது என்று சொன்னோம். போலீஸ், வக்கீல் என்று கத்திவிட்டுப் போனார். சும்மா விடமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் வரத்தான் போகிறது.

வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்து, காலியாகத் திரும்பியது. விஷயம் கேள்விப்பட்டு என் புருஷன் பிள்ளைகளின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தார். அக்கா தன் மடியிலிருந்த விரிப்பை மண்ணில் உதறிப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. நம்ம வீட்டு விரிப்புதான்."

நான் எட்டை அதன் பக்கத்தில் விரித்தேன். மற்றவர்களும் விரித்தார்கள். வாசலில் கால் வைக்க இடமில்லை.