நாற்பத்து மூன்றாவது மண்டபம்

அன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஆலமங்கலம் தொகுதியில் நாற்பத்து மூன்று கல்யாணம். மண்டபங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு மண்டபத்தில் சட்டமன்ற உறுப்பினர் தாலி எடுத்துக் கொடுத்து நாலு வார்த்தை பேசினால்தான் அடுத்த மண்டபத்தின் கதவு திறக்கும். நடுவில் நழுவ வழியில்லை. தொகுதி என்றால் அப்படித்தான்.

தவசிலிங்கம் புதிதாக ஜெயித்தவர். தலைமுடி கருகருவென்றிருந்தது. முதல் மண்டபத்து வாசலில் உதவியாளர் சேவியர் பட்டியலை வாசித்தார்.

"நாப்பத்து மூணாவது நம்ம வீட்டுக் கல்யாணம்ணே. உங்க மக பொன்மலருக்கு."

மகள் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும்.

"அத ஏன்டே கடைசில போட்ட?"

"நீங்கதாம்ணே போடச் சொன்னிய. வீட்டு ஆளுக கோவிச்சுக்கிட மாட்டாவன்னு."

சொன்னது வாஸ்தவம்தான். அரசியலில் இருக்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். தவசிலிங்கம் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மனுஷர் ஒரு கல்யாணத்தையும் ஒப்புக்குச் செய்யவில்லை. பெண் அழுதால் இவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். முன்வரிசைக் காது கேளாத கிழவருக்காக வாழ்த்துரையை இரண்டு தடவை சொல்வார். ஆனால் எங்கேயும் சாப்பிட மாட்டார். ஓரிடத்தில் கை நனைத்துவிட்டு இன்னோரிடத்தில் நனைக்காவிட்டால் மனஸ்தாபம். பசியோடு நடந்தார். கதை சொல்கிற எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்காமல் எப்படி இருக்கும்?

ஏழாவது மண்டபத்தில் மனைவி கோமதியிடமிருந்து போன் வந்தது.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எப்ப வருவிய?"

"இன்னும் முப்பத்தாறு இருக்கு. வந்துட்டேன்னு வச்சுக்கோயேன்."

பன்னிரண்டாவதில் தேர்தலில் தோற்றார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று சின்னக் காகிதம் ஒட்டினார்கள். பசை காயும்வரை நின்றிருந்துவிட்டுத் தாலியை எடுத்துக் கொடுத்தார். தோற்றவருக்கும் விலக்கு கிடையாது. பதினெட்டாவதில் மறுபடி ஜெயித்தார். காகிதத்தைப் பிய்த்தார்கள். இருபத்தாறாவதில் மந்திரியானார். என்ன இலாகா என்று சொல்ல ஆள் வருவதற்குள் இருபத்தொன்பதாவது வந்துவிட்டது, பதவியை எடுத்துவிட்டார்கள். எல்லா மண்டபத்துக் கடிகாரத்திலும் மணி ஒன்பது இருபது.

முப்பத்து மூன்றாவதில் கோமதி மறுபடி கூப்பிட்டாள்.

"ஒங்க மக கட்டுரைப் போட்டில முதல் பரிசு வாங்கியிருக்கா. தலைப்பு, 'என் தந்தை'."

"நல்லா எழுதியிருக்காளா?"

"கற்பனைப் பிரிவுல குடுத்திருக்காவ."

தவசிலிங்கத்துக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளை தாலிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்தார்.

நாற்பத்து மூன்றாவது கதவு திறந்தபோது அவர் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. உள்ளே மனு கொடுக்க வரிசை நின்றது. பன்னிரண்டாவது ஆளாக, கூறைப்புடவையும் மாலையுமாக ஒரு பெண். கோமதியின் அதே மூக்கு. அவள் யாரையும் முந்தவில்லை. சாக்கடை, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று பதினோரு மனுவையும் வாங்கி முடித்தார். பிறகு அவள் இரண்டு கையாலும் நீட்டினாள்.

'பொருள்: பந்தியில் உட்காரக் கோருவது தொடர்பாக. ஐயா, தாங்கள் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, மணமகள்.'

பழகிய கை 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. சேவியர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இத யாருக்குண்ணே அனுப்பணும்?"

தவசிலிங்கம் யோசித்தார். கலெக்டருக்கு அதிகாரம் இல்லை. தாசில்தாருக்கும் இல்லை.

"எனக்குத்தான்."

தாலியை எடுத்துக் கொடுத்தார். நாலே வார்த்தையில் வாழ்த்தினார். மகள் தலையில் கை வைத்தபடி நின்றார், அவ்வளவுதான். அப்புறம் மகளும் மருமகனும் பக்கத்தில் உட்கார, பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோமதி பரிமாறினாள்.

சாம்பார் சாதம் பாதி இறங்கியிருக்கும். எதிர்ச்சுவரில் ஒரு கதவு திறந்தது. அந்தப் பக்கம் மேளம், கூட்டம், கை நீட்டியபடி ஒரு மாப்பிள்ளை.

சேவியர் குனிந்தார். "நாப்பத்து நாலாவதுண்ணே. இப்பதான் சேத்தாவ. போகலைன்னா அடுத்த தேர்தல்ல சீட்டு இல்லைன்னு தலைமைல சொல்லிட்டாவ."

"ரொம்ப நேரமா நிக்காவளா?"

"இங்க ஒரு நிமிஷம்னா அங்க ஒரு வருஷம்ணே."

பொன்மலர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதத்தைப் பிசைந்தாள், வாயில் வைக்கவில்லை. கதவுக்கு அப்பால் மாப்பிள்ளையின் காதோரம் நரைத்தது. மணப்பெண் கண்ணாடி போட்டுக்கொண்டாள். மேளக்காரர் ஓய்வு பெற்று, வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

தவசிலிங்கம் நிதானமாக நிமிர்ந்தார். உள்ளங்கையைக் குழித்து மனைவியிடம் நீட்டினார்.

"கோமதி, ரசம் கொண்டா. கையில ஊத்து."