பதினாறாம் குழியில் ஒரு தாழ்ந்த அடி

ஜனவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மதியம் வருஷா வருஷம் எங்கள் கோல்ஃப் கிளப்பில் சண்டை நடக்கும். வாய்ச்சண்டைதான். பழைய ஆட்டக்காரர்கள் பெரியவர்களா, இன்றைய நட்சத்திரங்கள் பெரியவர்களா? வெளியே வடகடல் காற்று ஆளைத் தள்ளும், புல்வெளி உறைந்து கிடக்கும், வேறு வேலை என்ன இருக்கிறது? பருப்பு சூப்பைக் குடித்துவிட்டு அறுபது எழுபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கடைசியில் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள்.

பழைய பக்கத்துக்கு இருபத்தெட்டு வருஷமாக ஒரே ஆள்தான் பேசிவந்தார், ஃபெர்கஸ் டல்லாக். கூரைக்கு ஓடு வேய்ந்து பிழைத்த மனுஷன். ஆனால் ஊரில் அவர் தலை நிமிர்ந்து நடந்தது அந்தத் தொழிலால் இல்லை. 1971இல் எங்கள் ஊர் ஆர்ச்சி கின்னேர் கிழக்குக் கரைக் கோப்பையை, அடுத்தவனைவிட ஒரே ஒரு அடி குறைவாக அடித்து ஜெயித்தபோது, அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் ஃபெர்கஸ். அப்போது வயது இருபத்துநாலு. அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், எல்லாம் நடந்தது. ஆனாலும் யாராவது வாயைக் கிளறினால் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுவார்.

இந்த வருஷம் எதிர்ப்பக்கம் ரோனா இம்ரி. கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவள், நாற்பது வயது, நாக்கு கொஞ்சம் நீளம்.

ஃபெர்கஸ் எழுந்து வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னைக்குப் பசங்க பந்தை ஆகாசத்துக்கு அனுப்புறாங்க. போய் விழுது, அங்கேயே நிக்குது. அழகுதான், நான் இல்லைன்னு சொல்லலை. நம்ம ஊர்க் காத்துல அப்படி அடிச்சுப் பாரு, பந்து கடல் தாண்டி நார்வே போயிரும். மிஸ்டர் கின்னேர் தரையோட தரையா ஓட்டுவார். மேடு பள்ளம் எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு உருளும் பந்து."

முன்வரிசையில் மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்த கின்னேர் மெல்லத் தலையாட்டினார். எண்பத்தைந்து வயது. ஃபெர்கஸ் இன்றுவரை 'மிஸ்டர்' போடாமல் அவர் பேரைச் சொன்னதில்லை.

"பதினாறாம் குழி," என்றார் ஃபெர்கஸ். அவ்வளவு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "நீளப் புல்லுக்குள்ள பந்து. குழிக்கு இன்னும் எழுபது கஜம். இன்னைக்கு ஆளுன்னா தூரம் குறிச்ச புத்தகத்தைப் பார்ப்பான், கருவியை வச்சுத் தூரம் அளப்பான். மிஸ்டர் கின்னேர் என்ன பண்ணார்? 'ஃபெர்கஸ், முன்னால போய்ச் சரிவு எந்தப் பக்கம்னு பாரு'ன்னார். ஒரு மனுஷனோட கண்ணை நம்பினார். நான் போய்க் கையைக் காட்டினேன். அடிச்சார். பந்து உருண்டு வந்து குழிகிட்ட முழத்துல நின்னுது. நம்பிக்கை இருந்துச்சுய்யா அந்தக் காலத்து ஆட்டத்துல."

கைதட்டல் அடங்க நேரமானது. ரோனா சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"இவர் வாயால ஜெயிக்கிறார், நான் படம் காட்டி ஜெயிக்கப் போறேன். செத்துப்போன நம்ம ஊர் டாக்டர் வீட்டுப் பரண்ல ஒரு பழைய ஃபிலிம் சுருள் கிடைச்சுது. அதே கோப்பை, அதே பதினாறாம் குழி. பக்கத்துலயே போன வருஷம் ஜெயிச்ச அமெரிக்கப் பையனை ஓட விடுறேன். ரெண்டு பேர் இடுப்பும் தோளும் எப்படித் திரும்புதுன்னு நீங்களே பாருங்க."

திரையில் இடதுபக்கம் அந்தப் பையன், உடம்பெல்லாம் வில். வலதுபக்கம் மங்கலான கருப்புவெள்ளையில் கின்னேர். ரோனா வேகத்தைக் குறைத்தாள். கலைந்த தலையோடு ஓர் இளைஞன் தோளில் பையுடன் கேமராவுக்கு முதுகைக் காட்டி முன்னால் நடந்து போனான். "அட, ஃபெர்கஸ், உனக்கு முடியெல்லாம் இருந்திருக்கே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபெர்கஸும் சிரித்தார்.

"இப்ப இடுப்பைப் பாருங்க," என்றாள் ரோனா.

பார்த்தார்கள். இளைஞன் முப்பதடி தாண்டும்வரை கின்னேர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது காலைப் பந்துக்குப் பின்னால் இருந்த புல்லின் மேல் வைத்து அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். புல் படுத்துவிட்டது, பந்து பளிச்சென்று தெரிந்தது. அப்புறம்தான் கையிலிருந்த மட்டையை ஓங்கினார்.

அடிக்க வசதியாகப் புல்லை மிதித்துப் படுக்கவைப்பது தப்பு, அதற்கு இரண்டு அடி கூட்டித் தண்டனை. ஒரே அடியில் கிடைத்த கோப்பை அதிலேயே கைவிட்டுப் போயிருக்கும். எங்கள் ஆட்டத்தில் நடுவர் பக்கத்திலேயே நிற்கமாட்டார். தப்பு செய்தவன் தானே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். பெண்டாட்டியை ஏமாற்றியவனுக்குக்கூட இந்தக் கிளப்பில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்துவிடும். புல்லை மிதித்துவிட்டுச் சொல்லாமல் போனவனுக்குக் கிடைக்காது. ரோனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவள் இடுப்பையும் தோளையும் மட்டும்தான் பார்த்து வைத்திருந்தாள். அவசரமாகப் படத்தை நிறுத்தினாள். கிளப் கேப்டன் மியூரியல் எழுந்து, பத்து நிமிஷம் இடைவேளை என்றாள்.

யாரும் கின்னேர் பக்கம் போகவில்லை. அவர் விரலை ஆட்டி ஃபெர்கஸை அழைத்தார். ஃபெர்கஸ் போய்க் குனிந்தார்.

"அடிக்கக் காலை ஊனி நிக்க இடம் பண்ணிக்கிட்டார், தப்பில்லைன்னு சொல்லிரு," என்றார் கின்னேர். "நீ சொன்னா நம்புவாங்க."

"நான் பாக்கலையே, மிஸ்டர் கின்னேர்."

"பார்த்தேன்னு சொல்லேன்ப்பா. என்ன குறைஞ்சிரும்? என் பேர் அங்க ஜெயிச்சவங்க பலகைல அம்பது வருஷத்துக்கு மேல இருக்கு."

"சரிவைப் பாக்கணும்னுதானே என்னை அனுப்பினீங்க?"

கின்னேர் கம்பளியைச் சரிசெய்துகொண்டார். "அந்தச் சரிவு எனக்குத் தெரியாதா? பத்து வயசுலேர்ந்து அங்கதானே ஆடுறேன்."

"அப்ப ஏன்?"

"நீ பக்கத்துல நின்னிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க மாட்டே. அதான்."

ஃபெர்கஸ் நிமிர்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன்னை நல்லவன் என்று சரியாக எடை போட்டு, அதற்காகவே ஒரு மனுஷன் தன்னை ஒதுக்கி அனுப்பியிருக்கிறான். அதைப் போய்ப் பெருமையென்று நினைத்து, பெற்ற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. சொன்ன கதையில் ஒரு வார்த்தைகூட அவர் இட்டுக்கட்டியதில்லை. ஆனாலும் அத்தனையும் பொய்.

எல்லாரும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். முடிவாக இரண்டு வார்த்தை பேசும்படி மியூரியல் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வேண்டாம்னா விட்டுரலாம், ஃபெர்கஸ்."

"பேசுறேம்மா."

எழுந்து நின்றார். கின்னேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சொன்ன வேலையை இவன் செய்துவிடுவான் என்ற பழைய தெம்புதான் இருந்தது. ஃபெர்கஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தாழ அடிச்சு ஓட்டுறதுல ஆர்ச்சி கின்னேரை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கலை," என்றார். 'மிஸ்டர்' போடாமல் அந்தப் பேரை அவர் சொன்னது அதுதான் முதல்முறை. "ஆனா என் ஓட்டு இன்னைக்குப் புதுசுக்குத்தான். இந்தக் காலத்துப் பசங்க எவனாவது புல்லை மிதிக்கணும்னா, சுத்தி நிக்கிற இருபது கேமராவையும் தூர அனுப்பியாகணும். அவருக்கு என்னை ஒருத்தனைத் தூர அனுப்பினாப் போதுமா இருந்துச்சு."

வேறு யாரும் கையைத் தூக்கும் முன்னால் அவர் தன் கையைத் தூக்கினார். இறக்கவில்லை.