எங்கள் அபார்ட்மெண்டின் ஏழாவது விதி

எனக்கு வாய் அதிகம். திருப்பதியில் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியதே அதனால்தான். பன்னிரண்டு வீடு. தெலுங்கு, தமிழ், உருது, ஒரு ஒடியாக் குடும்பம். எப்போதும் சில வீட்டில் மலைக்குப் போகிற விருந்தாளி யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். தீட்டுப்பட்டால் அவர்கள் தரிசனம் என்ன ஆவது? அதனால், பிணம் கேட்டுக்குள் வரக்கூடாது என்று ஏழாவது விதியைக் கொண்டுவந்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு வீட்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது என் விதிகள்தான் என்று நம்பினேன்.

போன வருஷம் கீழ்வீட்டு மனோரமாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்தில் பாகாலா ஊர்க்காரர்கள். "ஒரு மணி நேரம் வச்சிருந்துட்டு ஊருக்கு எடுத்துக்கினு போயிடறோம் சார்" என்று கேட்டாள். நான் விதியைக் காட்டினேன். ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சே, என்ன ஜென்மம் நான்.

இந்த ஆவணியில் ஒரு காலை, அதே ஆஸ்பத்திரியில் என் நைனா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் திருத்தணிப் பக்கம் எங்கள் ஊரில்தான். ஆனால் அம்மா மூன்றாவது மாடியில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். அவ்வளவு தூரம் வரமுடியாது. "ஒருவாட்டி அவரு மொகத்தக் காட்டிட்டு எடுத்துக்கினு போடா" என்று போனில் அழுதாள்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றது. திற என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தான். மாடிகளில் நின்றவர்களும் பார்த்தார்கள். அன்றும் மூன்று வீட்டில் மலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள்.

மனோரமா வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவளே கொக்கியை எடுத்து கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். தன் வீட்டுச் சோபாவை நகர்த்தி, கூடத்தில் பாய் விரித்தாள். நைனாவை அதில் கிடத்தினோம். மேலே நின்ற என் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "கிஷோர் சார், பெரியம்மாவ சேர்ல உக்கார வச்சி தூக்கிக்கினு வாங்க" என்றாள். கிஷோரும் ஒடியாக்காரரும் அம்மாவைத் தூக்கி வந்தார்கள்.

அம்மா நைனாவின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். நான் மனோரமா பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா, நான் உனக்குச் செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் மொகத்த நான் ரோட்டுல நின்னுக்கினு, வண்டிக் கண்ணாடி வழியா பாத்தேன் சார்" என்றாள் மனோரமா. "பெரியம்மா பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க."