விளக்கு எரிந்தால்தான் செய்தி

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள் நான். "அந்த வெள்ளை மாத்திரை, உருண்டையா இருக்குமே, அது குடுங்க" என்று யாராவது வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் பாதி மாத்திரை வெள்ளை, மீதிப் பாதி உருண்டை. சீட்டு எங்கே, பேர் என்ன, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுக் கேட்டே என் தொண்டை தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட நான்தான் தெருவிலிருந்த எலக்ட்ரிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, "சின்ன பல்புங்க, பழைய ரேடியோவுக்குள்ள இருக்குமே, மஞ்சளா எரியுமே, அது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, படுத்தால் தூக்கம் வந்தது. சொந்தக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். என் காதில் விழுகிற மாதிரியேதான் சொன்னார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது.

அப்பாவுக்குக் காது அறவே கேட்காது. பாய்லர் பட்டறையில் இரும்புக்குள் உட்கார்ந்து சுத்தியல் அடித்தே போன காது. எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவரைத் தனியாக விட முடியாதென்று என் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

காது கேட்காதவர் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ. ஜன்னலோரத்தில் மேஜை, அதன்மேல் அந்த மரப்பெட்டி, முன்பக்கம் ஸ்டேஷன் பெயர்கள் எழுதிய கண்ணாடி. சாயந்தரமானால் அம்மா அதைப் போடுவாள். கண்ணாடிக்குப் பின்னால் சின்ன பல்பு மஞ்சளாக எரியும். அப்பா பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார். சூடு இதமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்து, ரேடியோ சொல்லும் செய்தியைக் கேட்டு ஒன்றொன்றாக அவருக்குச் சொல்லுவாள். நான் அந்த வீட்டில் இருந்தவரை பார்த்தது இது; பிறகெல்லாம் கடை முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து நான் போன் செய்தால் போச்சு. "வை, வை, நியூஸ் ஆரம்பிச்சாச்சு, அப்பா காத்துக்கிட்டு இருக்கார்" என்று படக்கென்று வைத்துவிடுவாள். பெற்ற பெண்ணைவிட செய்தி பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

நான் போகும்போதெல்லாம் அப்பா அந்தச் செய்திகளை எனக்குச் சொல்லுவார். ஒரு நாய் தனியாக ரயிலேறிக் கடைசி ஸ்டேஷன்வரை போய்விட்டு அதே ரயிலில் திரும்பி வந்ததாம். திருடிய குடையைத் திருப்பிக் கொடுக்கப் போன திருடன் அந்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தானாம். "எந்த மடையன்பா இதையெல்லாம் நியூஸ்ல சொல்றான்?" என்பேன். "ரேடியோல சொன்னான், பாப்பா" என்பார். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் எனக்கு இன்னும் அந்த வீட்டில் பாப்பா என்றுதான் பெயர்.

அம்மா போன பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய அன்று சாயந்தரம், அப்பாவே எழுந்து போய் ரேடியோவைப் போட்டார். கண்ணாடி இருட்டாகவே இருந்தது.

"ரேடியோ போச்சு, பாப்பா."

நான் காதை வைத்துப் பார்த்தேன். கரகரவென்று இரைச்சல் வந்தது. அவர் பார்க்க மெதுவாகச் சொன்னேன்: "சத்தம் வருதுப்பா. ரேடியோ நல்லாத்தான் இருக்கு. பல்புதான் போயிருக்கு."

"லைட் எரியலையே" என்றார்.

அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு குறைந்தது. சாயந்தரமானால் இருட்டுக் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். டாக்டர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பயப்படக்கூட வரவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

முதலில் டார்ச் பல்பு வாங்கி வந்தேன். திருகு அச்சாகப் பொருந்தியது. பெரிய மெக்கானிக் மாதிரி நிமிர்ந்து நின்று ஸ்விட்சைப் போட்டேன். பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கறுத்துப் போனது. அடுத்து வண்டி பல்பு, பன்னிரண்டு வோல்ட். அணையப் போகும் கரி மாதிரி கண்ணை மூடி மூடி எரிந்தது. அப்பா முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுல உயிர் இல்ல" என்றார். மூன்றாவதாக ஒரு கடைக்காரன் எல்.ஈ.டி. பல்பைத் தலையில் கட்டினான். கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆஸ்பத்திரி" என்றார். தானே பல்பைக் கழற்றி என் கையில் வைத்தார். அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையில் அந்த வெளிச்சம்தான்.

பிறகுதான் பழைய மார்க்கெட்டுக்கு அடியில், படி இறங்கிப் போனால், ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எந்நேரமும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சுற்றிலும் வயிற்றைக் கிழித்துப் போட்ட மிக்ஸிகளும் ரேடியோக்களும் கிடந்தன. பியூஸ் போன பல்பைப் பொட்டலம் பிரித்து நீட்டினேன்.

"எத்தனை வோல்ட்டுக்கா?"

"தெரியாதுங்க."

"எத்தனை ஆம்பியர்?"

"தெரியாது. சின்னதா, மஞ்சளா எரியும்..."

"மருந்துக்கடையில போய் வெள்ளை மாத்திரை குடுன்னு கேப்பீங்களா?"

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று, "கேக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பல்பை லென்ஸுக்கு நேரே பிடித்தார். வோல்ட் அதன் பித்தளைக் கழுத்தில் பொறித்திருக்கிறதாம். உள்ளே கம்பிகளைப் பிடித்திருக்கும் கண்ணாடி மணியின் நிறத்தைப் பார்த்தால் ஆம்பியர் தெரியுமாம். "புதுசா தேடி அலையாதீங்க. செத்த செட்டுலேருந்துதான் எடுக்கணும்" என்று சொல்லி, மூலையில் கிடந்த ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்தார். அதிலிருந்த பல்பைக் கழற்றிக் கம்பியில் தொட்டுக் காட்டினார். அதே மஞ்சள்.

"வீட்ல யார்க்கா கேக்கறது?"

"அப்பா. அவருக்குக் காது கேக்காது. சாயந்தரச் செய்தியை அம்மா கேட்டுக் கேட்டுச் சொல்லுவாங்க."

"ஸ்டேஷன் முள்ளு எந்த இடத்துல நிக்கும்?"

அங்கிருந்த ஒரு ரேடியோவின் கண்ணாடியில் தொட்டுக் காட்டினேன். அவர் லென்ஸைக் கழற்றினார்.

"அந்த ஸ்டேஷனை மூடி எத்தனையோ வருஷமாச்சேக்கா."

"யார் காதுல பூ சுத்தறீங்க? எங்கம்மா போன மாசம் வரைக்கும் கேட்டாங்க!"

அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. அலமாரியிலிருந்த வால்வு செட்டைப் போட்டு, சூடாகும்வரை காத்திருந்து, முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்தினார். நான் சொன்ன இடத்தில் வெறும் இரைச்சல். எங்கள் வீட்டுப் பெட்டியில் கேட்ட அதே கரகரப்பு.

ரயிலேறிய நாய். குடைத் திருடன். எல்லாம் அம்மா. மூச்சிரைக்க ஆரம்பித்த பிறகும், ஒன்றுமே பேசாத பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காக ஒரு ஊரையே இட்டுக்கட்டியிருக்கிறாள். அதற்காகத்தான் என் போனை வைத்திருக்கிறாள். படியேறி வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. அப்பாவுக்கு இது தெரியவே கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

வீட்டில் பல்பைத் திருகி ஸ்விட்சைப் போட்டேன். கண்ணாடி மெல்ல மஞ்சளானது, பெயர்களெல்லாம் எழுந்து நின்றன. அப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பெட்டியின் தலையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்?"

காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்பதைத் தவிர எனக்கு என்ன சொல்ல வரும்?

"மழை வருமாம்பா."

"அப்புறம்?"

"காய்கறி விலை ஏறிடுச்சாம்."

"அப்புறம்?"

"ஒரு நாய்... தனியா ரயில்ல ஏறி..."

"அது பழசு" என்றார். முகத்தில் ஏதோ அசைந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்கம்மா எவ்வளவு நல்லா சொல்லுவா! உனக்குக் கொஞ்சம்கூட வரலையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் வைத்தார். மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"பேச்சு வந்தா பலகை அதிரும். பாட்டு வந்தா இன்னும் நல்லா அதிரும். இது சும்மா கிடக்கு பாரு. ரொம்ப வருஷமா இப்படித்தான்."

"அம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா நிறுத்திடுவாளே."

"அப்போ எதுக்குப்பா இந்த பல்பு? என்னை ஊரெல்லாம் அலைய விட்டீங்களே!"

"லைட் எரிஞ்சாத்தானே எதிர்ல வந்து ஒருத்தர் உக்காருவாங்க."

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டேன். "ஒரு மருந்துக்கடைக்காரி..." என்று தொடங்கினேன். "ஒரு மருந்துக்கடைக்காரி ஒரு சின்ன பல்புக்காகக் கடை கடையா ஏறி இறங்கினாளாம்."

"கிடைச்சுதாமா?"

கிடைத்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக எங்கே இருந்ததோ, எல்லாம் சேர்ந்து அப்போதுதான் வந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்பா பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுக்கிட்டே சொன்னா உதடு புரியல, பாப்பா" என்றார். "மெதுவா, முதல்லேருந்து சொல்லு."