கூடுதல் டூட்டி

லீவு வேண்டும் என்றுதான் வெண்மதி நிரந்தர வேலையை விட்டாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அதையும் ஆள் இல்லை என்று பிடுங்கிக்கொள்வார்கள். கான்ட்ராக்டுக்கு மாறினால் எந்தெந்த நாள் வருவது என்று நாமே சொல்லலாம், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கலாம் என்றாள். புருஷன் சிவசங்கருக்கு அதில் சந்தோஷம். மாமியார் ஜெயக்கொடிக்கு அதைவிடச் சந்தோஷம்.

சிவசங்கர் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரோடும் வாய்ச்சண்டை கூடக் கிடையாது. சந்தேகம் ஒன்றுதான் அவனுடைய வியாதி. கம்பெனியிலிருந்து புதிதாக வந்த பேட்டரியைக்கூட மீட்டர் வைத்துப் பார்த்து, மறுபடியும் பார்த்து, அதற்குப் பிறகுதான் அலமாரியில் ஏற்றுவான். அப்படிப்பட்டவனுக்குப் பெண்டாட்டியின் டூட்டி இடிக்க ஆரம்பித்தால் சும்மா இருப்பானா?

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. லீவு நாட்களில் வெண்மதி வீட்டில் இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல டூட்டி கூடியது. லீவுக்காகவே வேலையை மாற்றியவளுக்கு டூட்டி எப்படிக் கூடும்?

“ஆள் இல்லன்னு கூப்புடறாங்க, போவாம இன்னா பண்றது?” என்றாள், துணி மடித்துக்கொண்டே. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவன் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் டூட்டி முடிந்து வந்தால் கால் வீங்கி, பேச்சே இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது சில நாட்கள் முகம் தெளிந்து வருகிறாள். மகள் எழிலோடு வாயாடுகிறாள். சமைக்கும்போது பாட்டு வேறு. நோயாளிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு எங்கிருந்து வந்தது பாட்டு? ஒருநாள் சாயங்காலம் அவள் முழங்கைக்கு மேலே கோடு கோடாகத் தடம் பார்த்தான். கோரைப்பாயின் தடம். ஆஸ்பத்திரியில் ஏது கோரைப்பாய்? அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். குடும்பம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று அவன் உண்மையாகவே பயந்தான்.

இதற்கு நடுவில் கண்டக்டர் ராஜாராம் வந்து எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார். அவர் தொண்டூர் டவுன் பஸ்ஸில் போகிறவர். பைக் பேட்டரிக்குச் சார்ஜ் போட வந்த மனிதர் வந்த வேலையைப் பார்க்காமல், “உங்க வூட்டம்மா நேத்து நம்ம வண்டியிலதான் வந்தாங்க. வல்லத்துல எறங்கிக்கினாங்க. அடிக்கடி வராங்களே, அங்க யாரு சொந்தம்?” என்றார்.

“அவ திண்டிவனம் இல்ல போறா?”

“நம்ம வண்டி எங்க திண்டிவனம் போவுது? பொம்பளைங்களுக்கு ஃப்ரீ வண்டிங்க இது. தொண்டூரோட திரும்பிடும்.”

வல்லத்தில் அவர்களுக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

அடுத்த வாரம் அவள் டூட்டி என்று கிளம்பிய ஒரு காலையில் கடையைப் பூட்டிவிட்டு, தொண்டூர் போகும் அந்தப் பிங்க் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கை விட்டான். அங்கே ஒருவன் காத்திருப்பான், அவன் சட்டையைப் பிடித்து என்ன கேட்பது என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனான். வல்லத்தில் இறங்கியவள் யாருக்காகவும் நிற்கவில்லை. உரக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்து, இரும்புப் படியேறி, பையிலிருந்து சாவி எடுத்து, ஒரு மாடி அறையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சாவியே வைத்திருக்கிறாள்! ஒரு டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டு, வெகு நேரம் கழித்துத்தான் படிப்பக்கம் போனான்.

கீழே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி பூவாயி மறித்தாள்.

“யாருப்பா நீ?”

“வெண்மதி வூட்டுக்காரன்.”

ஏற இறங்கப் பார்த்தாள். “செருப்ப கழட்டிட்டு ஏறு. இரும்புப் படி, சத்தம் கேட்டா பொண்ணுங்க முழிச்சிக்கும்.”

“எந்தப் பொண்ணுங்க?”

“நர்சுங்கதான். நாலு பேரு சேந்து எடுத்திருக்குதுங்க. வருதுங்க, தூங்குதுங்க, போவுதுங்க. ஒரு சோறு ஆக்கறதுகூட இல்ல.”

ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, வெவ்வேறு ஆஸ்பத்திரி யூனிஃபார்ம்கள் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தன. வரிசையாகப் பாய்கள். ஓரத்துப் பாயில் வெண்மதி, கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகலில் அவள் தூங்கி அவன் பார்த்ததேயில்லை.

அவளுடைய லீவு நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. லீவு என்று தெரிந்தால் போதும், வடகம் பிழிய அம்மா மாவைக் கரைத்துவிடுவாள். கோட்டை பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்குக் கறிக்குழம்பு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்களுக்குப் புளிச்சோறு. அவனும் சளைத்தவனில்லை. ‘நீ வீட்லதான இருக்க’ என்று கடையில் உட்கார்த்திவிட்டு வசூலுக்குப் போயிருக்கிறான். ஆணியில் தொங்கிய யூனிஃபார்மைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. வந்த வழியே இறங்கிவிடலாம் என்று திரும்பினான்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அலறியது. உள்ளே நாலு பேரும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். கதவைத் திறந்த வெண்மதி அவனைக் கண்டதும் கூந்தலை அள்ளி முடிந்தாள். “யாருக்கு இன்னா ஆச்சு? இதோ வந்துட்டேன்.”

அவன் போனை எடுத்தான். போனில் ஜெயக்கொடி, “டேய், மதிக்கு எப்ப டூட்டி முடியுதுன்னு கேளு. வந்தவாசிலேருந்து சித்தப்பா வூட்டு ஜனங்க கோட்டை பாக்க வராங்க” என்றாள்.

“அவ டூட்டியில இருக்காம்மா. வரமுடியாது. நாளைக்கும் டூட்டிதான். ஓட்டல்ல சொல்லிக்கலாம் வை.”

போனை வைத்துவிட்டு, அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. இத்தனை நாளாக அவன் அவளைப் பார்த்த அதே சந்தேகத்தோடு இப்போது அவள் அவனைப் பார்த்தாள்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“நீ படு மதி. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.”

அவள் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினாள். யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்தாள். உடன் இருந்த ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

“எங்க கெளம்பிட்ட? நான்தான் சொல்லமாட்டேன்னு சொல்றேனே.”

“நீங்க சொல்லவே வேணாம். அவசரம்னா நீங்களே வந்து எழுப்புவீங்க. எடந்தான் தெரிஞ்சுபோச்சே.”

சத்தியமாக எழுப்பமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். தன்னைப் பற்றி அவனுக்கும் தெரியும். அதற்குள் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே மறுபடி படுத்தவர்களுக்குக் கேட்காதபடி, படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.