இரண்டாவது பிரேக்

அடுத்த விமானத்துக்கு ஏழு மணி நேரம் இருந்தது. தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை, நீளம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். எந்தப் பக்கம் கிளம்பினாலும் விமான நிலையத்துக்கே வந்து சேரும் என்று சுவரிலிருந்த வரைபடம் சொன்னது. மாஸ்டருக்கு அது ரொம்பவே பிடித்துப்போயிற்று.

"வழி தப்பவே முடியாது பாரு. இங்க உட்கார்ந்து கொட்டாவி விடுறதுக்கு, வாடகைக்கு ஒரு காரை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்றார் மனைவியிடம்.

இருபத்திரண்டு வருடங்களாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஸ்கூல் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மனைவி நர்ஸ். அவளும் அந்தக் காரில்தான் பழகி லைசென்ஸ் எடுத்தாள். அதற்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அதன்பிறகு வேறு எந்தக் காரையும் அவள் தொட்டதில்லை, அவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதுமில்லை.

இப்போது போகிற ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ஊசி போட வேண்டும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். திங்கட்கிழமை கையில் கார் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். "கார் ஓட்டுவீங்களா?" என்று போனில் கேட்டபோது "ஓட்டுவேன்" என்று சொல்லிவைத்தாள். காரில் எத்தனை பிரேக் என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் பத்து நாள் கூட இருந்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார். இத்தனை வருடம் காரை ஓட்டியது தானா, அவருடைய காலா? அது அவளுக்கே தெரியாது. பதினொன்றாம் நாள் தெரிந்துவிடும்.

கார் வாடகைக் கவுண்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள். "லைசென்ஸ்?"

மாஸ்டர் சட்டைப் பையைத் தடவினார். பேண்ட் பையைத் தடவினார். பிறகு அப்படியே நின்றார். அவருடைய லைசென்ஸ் ஸ்கூல் காரின் டாஷ்போர்டுக்குள் இருந்தது. வழியில் நிறுத்திக் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்க வசதி என்று இருபத்திரண்டு வருடமாக அங்கேயே கிடக்கிறது.

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மனுஷன்" என்றாள் நர்ஸ்.

"சரி சரி, மானத்தை வாங்காத. உன்னோடது இருக்குல்ல?"

இருந்தது. வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல் கைப்பையில் இருந்தது. கவுண்டர் பெண் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு சாவியை அவளிடம் நீட்டினாள்.

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தகர ஷட்டர் போட்ட கடைகள், படகு பழுதுபார்க்கும் கொட்டகைகள். நர்ஸ் எதையும் பார்க்கவில்லை. மாஸ்டரும் கடலைப் பார்க்கவில்லை.

"கிளட்ச்... கிளட்ச்சை விடு. ஏம்மா, அதை ஏன் மிதிக்கிற, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. தரை விரிப்பில் தொம் என்று விழுந்தது. நாலாவது திருப்பத்தில்தான் நர்ஸ் ஒன்றைக் கவனித்தாள். முதலில் அந்தத் தொம். அதற்குப் பிறகே தன் கால் பிரேக்குக்குப் போகிறது. கண்ணால் அல்ல, காதால்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

"என்னங்க, காலைக் கொஞ்சம் சும்மா வச்சுக்கங்களேன்."

"நான் எங்க ஆட்டுறேன்? அது பாட்டுக்குப் போகுது."

அவர் முந்தைய விமானத்தில் கண்ணை மூடவில்லை. ஓடுகிற வண்டியில் தூங்கினால் தொழில் போச்சு என்று இரவு முழுக்க ஜன்னல் வழியே இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தவர். "மேப்புல ஒரு கலங்கரை விளக்கு மேடு இருந்துச்சு, அங்க பார்த்து" என்றார்; பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு பேச்சு குறைந்தது. தொம் இடைவெளி விட்டு விழுந்தது, பிறகு நின்றது. நர்ஸ் ஓரக்கண்ணால் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்து கிடந்தது.

எழுப்பலாமா என்று யோசித்தாள். எழுப்பவில்லை.

கலங்கரை விளக்குக்கு ஏறும் மேட்டில் முன்னே போன லாரி சட்டென்று நின்றது. தொம் வரவில்லை. வராது என்பது புரிவதற்குள் அவளுடைய கால் பிரேக்கை அழுத்தியிருந்தது. கார் குலுங்கி நின்றது. மாஸ்டரின் தலை ஒருமுறை முன்னால் போய்த் திரும்பியது. குறட்டை மட்டும் அறுபடவில்லை.

லாரி நகர்ந்தது. அவள் காரை எடுக்கப் போனாள், எஞ்சின் அணைந்து கார் ஒரு முழம் பின்னால் சரிந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பொறு, சாமி" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். பதறாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கார் மேட்டில் ஏறியது.

பன்னிரண்டு மணிக்கு விமான நிலையப் பலகை தெரிந்தது. இரண்டரைக்கு உள்ளே இருந்தால் போதும். ஒருமுறை நடந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மாஸ்டரின் காலைப் பார்த்தாள், அது அசையவில்லை. பலகையைக் கடந்து நேராகப் போனாள்.

இரண்டாவது சுற்றில் மேட்டின் நடுவில் லாரி எதுவும் இல்லை. பின்னால் யாரும் வராததைப் பார்த்து, அவளே ஓரமாக நிறுத்தினாள். பத்து எண்ணினாள். எடுத்தாள். எஞ்சின் அணையவில்லை. மேலே போனதும் கடல் மூன்று பக்கமும் தெரிந்தது. ஓ, இங்கே கடல் பச்சையா என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். எஞ்சின் நின்றதும் மாஸ்டர் திடுக்கிட்டு எழுந்து, முதல் காரியமாகக் காலை ஓங்கி மிதித்தார்.

"நின்னுடுச்சுங்க" என்றாள்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தார். "ஒரு சுத்துக்கு மூணே முக்கால் மணி நேரமா? நத்தைகூட முந்திட்டுப் போயிருக்குமே. திங்கட்கிழமை நோயாளியெல்லாம் தானாவே குணமாகிடுவாங்க."

"மெதுவாத்தான் வந்தேன்."

கவுண்டர் பெண் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். கீறல் இல்லை. மாஸ்டர் பக்கத்துக் கதவைத் திறந்தவள், முன்னால் சுருண்டு குவிந்து கிடந்த தரை விரிப்பைப் பார்த்து ஒரு கணம் புரியாமல் நின்றாள். அதை நீவிவிட்டு, உள்ளே தலையை நீட்டி மீட்டரைப் படித்தாள்.

"நூத்து இருபத்தஞ்சு கிலோமீட்டர்."

மாஸ்டர் வரைபடத்தில் பார்த்த எண்ணை நினைவுக்குக் கொண்டுவர முயல்வது நர்ஸுக்குத் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் பெட்டியின் கைப்பிடியை வெளியே இழுத்தாள்.

இருவரும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடிக் கதவருகே வந்ததும் மாஸ்டர் நடையைக் குறைத்தார். பிறகு, கேட்காதது போலக் கேட்டார்.

"அந்த மேட்டுல நின்னுச்சா?"

"முதல் தடவை லாரி நிறுத்துச்சு. ரெண்டாம் தடவை நானே நிறுத்தினேன்."

மாஸ்டர் தலையாட்டினார். விமானத்தில் இருக்கைப் பட்டையைப் போட்டதும், ஓடுபாதைக்குப் போவதற்கு முன்பே, தூங்கிப்போனார்.